70 மீட்டர் கம்பியில் தொலைந்த 19 வோல்ட்

குமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடையில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கிணறு எங்கள் விளையின், அதாவது தோட்டத்தின், கீழ்க்கோடியில் உள்ளது. மீட்டர் பலகையிலிருந்து கம்பி செல்லும் வழியாக அளந்தால் 70 மீட்டர். வீட்டுத் தொட்டிக்கும் சுற்றியுள்ள மட்டி வாழைகளுக்கும் தண்ணீர் இறைக்கும் 1 குதிரைத்திறன் ஒருமுனை மோட்டார் அங்கே ஓடுகிறது. காலையில் திக்கித் திணறிக் கிளம்புவதும், மாலையில் கிளம்பாமல் வெறுமனே முனகுவதும், இடையே உள்ளே சுற்றிய கம்பியான காயில் கருகி மறுபடி கட்டப்படுவதுமாக இருந்த அந்த மோட்டார், இப்போது எந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டாலும் உடனே வேகம் பிடிக்கிறது. அதற்கான வழியைக் காட்டியவை இரண்டே கணக்குகள்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். பள்ளியில் எல்லோரும் படித்த இந்தக் கணக்கை எங்கே, எப்போது, எந்த இரு புள்ளிகளுக்கிடையே அளந்து போடுவது என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தூரத்துக் கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் செய்தவை வழக்கமான வைத்தியங்கள். மோட்டார் முனகினால், அது கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் போய்விட்டது என்பது கடைகளில் கிடைக்கும் முதல் பதில். 25 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கி மாற்றியாயிற்று, முனகல் போகவில்லை. கழற்றிய பழையதைப் பிறகு அளந்தபோது அது 24 மைக்ரோபாரட்டுக்கு மேல் காட்டியது, அதாவது நல்ல நிலையில்தான் இருந்தது. அடுத்து காயில் கருகியது. மார்த்தாண்டத்தில் 2,800 ரூபாய்க்குப் புதிதாகக் கட்டி வாங்கினோம். கட்டிக் கொடுத்தவர், "வோல்டேஜ் இல்லாம ஓட்டினா எந்தக் காயிலும் நிக்காது, போய் லைன பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். சரியான இடத்தைச் சுட்டிய முதல் ஆள் அவர்தான்.

லைனைப் பார்த்தோம். வயர்மேன் அண்ணன் வந்து மல்டிமீட்டரை வைத்து மீட்டர் பலகையில் 226 வோல்ட், கிணற்றடி மோட்டார் அறையில் 226 வோல்ட் என்று காட்டினார். இரண்டும் ஒன்றே என்பதால் கம்பியில் குறையில்லை என்ற முடிவுக்கு வந்தார். அளவு சரியானது, முடிவு மட்டும் தவறானது. மோட்டார் நின்றிருக்கும்போது கம்பியில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் சுழி என்றால், கம்பியின் மின்தடை எவ்வளவாக இருந்தாலும் அதனுடன் பெருக்கிக் கிடைக்கும் இழப்பும் சுழிதான். கம்பி பாதி அறுந்து நாலைந்து இழையில் தொங்கினாலும் மல்டிமீட்டர் அதே 226-ஐத்தான் காட்டும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்த மின்னழுத்தமே மின்னழுத்தம்; மற்றது கம்பி தொடர்ச்சியாக இருக்கிறது என்பதற்கான சான்று, அவ்வளவுதான்.

ஆகவே 1,900 ரூபாய்க்கு ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். கம்பியை வெட்டாமல், வாயைத் திறந்து ஒரே ஒரு கம்பியைச் சுற்றிக் கவ்வவிட்டால் அதில் ஓடும் ஆம்பியரைக் காட்டும் கருவி அது. இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வினால், போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துச் சுழியே காட்டும். இதனால் மீட்டர் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. காலையில் மோட்டாரை ஓடவிட்டு அளந்தபோது பலகையில் 221 வோல்ட், மோட்டார் அறையில் 203 வோல்ட், மின்னோட்டம் 7.6 ஆம்பியர். மோட்டாரின் தகட்டில் 220 வோல்ட், 7 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. அழுத்தம் குறைந்ததால் அதே தண்ணீரை இறைக்க மோட்டார் கூடுதல் ஓட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது, அந்தக் கூடுதல் ஓட்டம் காயிலைக் கூடுதலாகச் சுட்டுக்கொண்டிருந்தது.

பலகைக்கும் கிணற்றுக்கும் இடையே 18 வோல்ட் தொலைந்திருக்கிறது. ஆனால் மாறுமின்னோட்டத்தில் இப்படி இரண்டு அளவுகளைக் கழித்துப் பெறும் விடை முழுத் துல்லியம் உடையதன்று. மோட்டாரில் ஓட்டம் அழுத்தத்துடன் சேர்ந்து ஏறி இறங்காமல் சற்றுப் பின்தங்கி வருவதால், கழித்தால் கிடைப்பது உண்மையான இழப்பைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மேலும், இரண்டு கம்பிகளில் எது அதிகம் தின்கிறது என்பதை அது சொல்லாது. இதற்கு நான் கையாண்ட வழி எளிது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. மெயினை அணைத்துவிட்டு, அதன் ஒரு முனையைப் பலகையில் நியூட்ரல், அதாவது ஓட்டம் திரும்பி வரும் கம்பி, புறப்படும் இடத்தில் திருகினேன். மறுமுனையைத் தரையோடு இழுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மல்டிமீட்டரின் ஒரு முனையில் மாட்டினேன். மீட்டரின் அடுத்த முனையை மோட்டார் அறையின் நியூட்ரல் திருகாணியில் முதலைக் கிளிப்பால் கவ்வவிட்டேன். பிறகு மெயினைப் போட்டு மோட்டாரை ஓட்டினால், மீட்டர் காட்டுவது நியூட்ரல் கம்பி முழுநீளத்திலும் இழக்கும் அழுத்தத்தை மட்டுமே. மல்டிமீட்டர் தனக்கென்று இழுக்கும் ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை என்பதால், அளவுக் கம்பி எவ்வளவு சன்னமாக இருந்தாலும் அளவு மாறாது.

ஓட்டத்தைக் கொண்டுபோகும் பேஸ் கம்பிக்கும் இதையே செய்தேன். அப்போது தரையில் கிடக்கும் அளவுக் கம்பி முழுவதும் 230 வோல்ட் உயிரோட்டம் இருக்கும் என்பதால், பலகைப் பக்கம் 1 ஆம்பியர் பியூஸ் ஒன்றின் வழியாகவே அதை இணைத்தேன். கம்பியில் எங்கும் தோல் உரியவில்லை என்பதை விரலால் தடவிப் பார்த்து, பிள்ளைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடாமல், தரை காய்ந்த நாளில் செய்தேன். கிளிப்புகளை மாட்டுவதும் கழற்றுவதும் மெயின் அணைந்திருக்கும்போது மட்டுமே. மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

கிடைத்த எண்கள்: நியூட்ரலில் 7.1 வோல்ட், பேஸில் 11.8 வோல்ட், இரண்டிலும் ஓட்டம் 7.6 ஆம்பியர். வகுத்தால் நியூட்ரல் கம்பி 0.93 ஓம், பேஸ் கம்பி 1.55 ஓம். இரண்டும் ஒரே கேபிளுக்குள் ஒரே நீளத்தில் ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிகள். அந்தத் தடிமனுள்ள நெகிழ்கம்பிக்கு 20 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோமீட்டருக்கு 13.3 ஓம் என்பது தர அட்டவணை தரும் உச்ச அளவு; 70 மீட்டருக்குக் கணக்கிட்டால் 0.93 ஓம். நியூட்ரல் அட்டவணையோடு அப்படியே பொருந்தியது. பேஸ் மட்டும் 0.6 ஓம் அதிகம். இவ்வளவு நாளும் கெப்பாசிட்டரிலும் காயிலிலும் தேடிய பழுது, எந்தக் கம்பியில் இருக்கிறது என்பது வரை இந்த ஒரு வகுத்தலில் தெரிந்துவிட்டது.

மல்டிமீட்டரின் ஓம் அளவையே வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தேன். மெயினை அணைத்து, இரு முனைகளிலும் கம்பியைக் கழற்றி, கிணற்றடியில் இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, வீட்டுப் பக்கத்தில் அளந்தபோது எண் 2.1-க்கும் 2.9-க்கும் இடையே ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 ஓம் காட்டுகிறது. ஒரு ஓமுக்கும் குறைவான வித்தியாசத்தைத் தேடும் வேலைக்கு அது போதாது. தவிரவும் அந்த அளவில் மீட்டர் செலுத்தும் ஓட்டம் மிகச் சிறியது. கெட்டுப்போன இணைப்பு சிறிய ஓட்டத்தில் ஒரு மாதிரியும் 7 ஆம்பியர் ஓடிச் சூடேறும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். உண்மையான சுமையை ஓடவிட்டு அழுத்தத்தை அளந்து வகுப்பதே நம்பத்தக்க வழி.

விடையைச் சரிபார்க்க, மோட்டாருக்குப் பதிலாக 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைக் கிணற்றடியில் மாட்டினேன். அதில் உள்ளது வெறும் சூடேற்றும் கம்பி. ஓட்டம் பின்தங்கும் சிக்கல் அதற்கு இல்லை. பலகையில் 223, கிணற்றடியில் 213, ஓட்டம் 4.03. இழப்பு 10 வோல்ட். வகுத்தால் ஏறத்தாழ 2.5 ஓம். 0.93-ஐயும் 1.55-ஐயும் கூட்டினாலும் அதே விடை. இஸ்திரிப் பெட்டியின் தடை 213-ஐ 4.03-ஆல் வகுக்கக் கிடைக்கும் 52.9 ஓம், 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் பெட்டிக்கு இருக்க வேண்டிய தடையும் அதுவே. ஆனால் அங்கே அது தந்த திறன் 213-ஐயும் 4.03-ஐயும் பெருக்கினால் 858 வாட்தான். அழுத்தம் நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தால் திறன் நூற்றுக்கு பதினான்கு பங்கு குறைகிறது.

மோட்டாருக்கு இந்தப் பெருக்கலும் வகுத்தலும் அப்படியே பொருந்தா என்பதையும் சொல்லியாக வேண்டும். 203-ஐ 7.6-ஆல் வகுத்தால் 26.7 வருகிறது, காயிலின் தடையோ ஓம் மீட்டரில் 3 ஓமை ஒட்டியே இருக்கிறது. மீதி, சுழலும் மோட்டார் தானே எழுப்பும் எதிர்ப்பு. அதேபோல் பலகையில் 221-ஐயும் 7.6-ஐயும் பெருக்கினால் 1,680 வரும். மின்வாரிய மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கை எண்ணினேன். அதில் ஒரு யூனிட்டுக்கு 3,200 மினுக்கல் என்று எழுதியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் 84 மினுக்கல், அதாவது 1,575 வாட். உண்மையில் செலவாகும் திறன் அதுதான். கம்பிக்கும் இணைப்புக்கும் சூடேற்றும் சாதனங்களுக்கும் மட்டுமே கணக்கை நேராகப் போடலாம். மோட்டாரின் திறனுக்கு மினுக்கலை எண்ணுவது மேல்.

இனி 0.6 ஓம் எங்கே இருக்கிறது என்பது கேள்வி. கேபிள் போட்ட காலத்தில் நீளம் போதாமல் நடுவில் ஓர் ஒட்டு போட்டிருப்பதாகத் தகவல் இருந்தது. அயினி மரத்தடியில் மண்ணைக் கிளறியபோது, பிவிசி குழாயின் இணைப்பு விலகி, குழாய்க்குள் செம்மண் சேறு நிறைந்திருந்தது. நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை; அந்த ஒட்டு ஆண்டுக்கு இருமுறை நீரில் ஊறியிருக்கிறது. டேப்பைப் பிரிக்கும் முன், மெயினை அணைத்துவிட்டு ஒட்டுக்கு இருபுறமும் பேஸ் கம்பியின் தோலில் குண்டூசி நுழையும் அளவு துளையிட்டுக் கிளிப்புகளை மாட்டி, தள்ளி நின்று மோட்டாரை ஓட்டச் செய்தேன். ஒரு சாண் நீள ஒட்டின் குறுக்கே 4.6 வோல்ட். 7.6-ஆல் வகுத்தால் 0.6 ஓம். தேடியது முழுவதும் அங்கேயே இருந்தது.

பெருக்கினால் 35 வாட். சாலிடரிங் அயர்னின் முனை ஈயத்தை உருக்குவதற்கு 25 வாட் போதும். அதற்கும் மேற்பட்ட வெப்பம், தண்ணீர் ஓடும் நேரமெல்லாம் அந்த டேப்புக்குள் எழும்பிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் டேப்பின் உள்சுற்றுகள் கருகி முறுகிக் கத்தி பட்டவுடன் செதில் செதிலாக உதிர்ந்தன. நியூட்ரல் ஒட்டு மங்கலான செம்பு நிறத்தில் இருக்க, பேஸ் ஒட்டில் களிம்பு பச்சையாகப் படிந்து, இழைகள் பாதிக்கு மேல் கறுத்து ஒடிந்து, மிச்சமிருந்த சில இழைகளே முழு ஓட்டத்தையும் சுமந்திருந்தன.

இருபுறமும் நல்ல தாமிரம் தெரியும்வரை வெட்டி, தாமிரக் குழல் போட்டு அழுத்தி, ஈயம் ஊற்றி, சூட்டில் சுருங்கும் குழாயை இரண்டு அடுக்காகப் போர்த்தினேன். மறுபடி அளந்தபோது இரு கம்பிகளிலும் சேர்த்து இழப்பு 14.3 வோல்ட், அதாவது 1.88 ஓம். ஒட்டு சரியாகிவிட்டது. காலையில் மோட்டார் நன்றாகக் கிளம்பியது. மாலையில், வீட்டுக்கு வரும் அழுத்தமே 208-க்கு இறங்கும் நேரத்தில், இன்னும் தயங்கியது.

இதற்கான விளக்கம் கிளம்பும் ஓட்டத்தில் இருக்கிறது. ஓடும்போது 7 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் அதைப்போல் நான்கைந்து மடங்கு இழுக்கும். உச்ச அளவைப் பிடித்து நிறுத்தும் பொத்தான் கிளாம்ப் மீட்டரில் உண்டு. ஒட்டைச் சரிசெய்வதற்கு முன்பு அது 27 ஆம்பியரையும், மல்டிமீட்டர் கிணற்றடியில் 155 வோல்ட்டையும் பிடித்திருந்தன. மோட்டாரின் சுழற்று விசை அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 155-ஐ 220-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் பாதி. ஒட்டு சரியான பின்பும், 27-ஐ 1.88-ஆல் பெருக்கினால் கம்பியில் மட்டும் 50 வோல்ட் போகிறது. கிளம்பாமல் முனகும் மோட்டார் அந்த 27 ஆம்பியரை இழுத்துக்கொண்டே நிற்கும். ஓட்டம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி இந்த அளவுக்கு உடனே விழாது. காயில் கருகுவது அந்த இடைவெளியில்தான். முனகல் கேட்டால் அக்கணமே அணைக்க வேண்டும், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது.

கடைகளில் 1 குதிரைத்திறனுக்கு 1.5 கம்பி போதும் என்பார்கள். கம்பி சூடாகாமல் தாங்கும் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் அது சரியே. வீட்டை ஒட்டிய கிணற்றுக்கு அதுவே போதும். ஆனால் 70 மீட்டர் போய்த் திரும்பினால் 140 மீட்டர். தூரம் இழக்கும் அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமல் கம்பி வாங்குவதுதான் நம் ஊர் விளைகளில் மோட்டார்களைக் கருக்குகிறது என்று உறுதியாக எண்ணுகிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றில் உண்டாகும் மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்புவதும் இதே காரணத்தால்தான்: கம்பியில் போகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அழுத்தத்தை ஏற்றினால் அதே திறனுக்கு ஓட்டம் குறையும். நம் கையில் அழுத்தத்தை ஏற்றும் வழி இல்லை; தடையைக் குறைக்கும் வழி மட்டுமே உண்டு.

2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 140 மீட்டருக்கு 1.12 ஓம், 4 போட்டால் 0.69 ஓம். கிளம்பும் ஓட்டம் 30 ஆம்பியர் என்று கொண்டால் முன்னதில் 34 வோல்ட், பின்னதில் 21 வோல்ட் இழப்பு. மாலை 208-ஐ மனத்தில் வைத்து 4-ஐத் தேர்ந்தேன். அலுமினியம் 10 சதுர மில்லிமீட்டர் இன்னும் குறைந்த தடையும் குறைந்த விலையும் உடையது. ஆனால் அலுமினியமும் தாமிரமும் சேரும் முனைகள் இந்த ஈரக்காற்றில் அரிக்கும், அதற்கென்ற இருஉலோக முனைகளைத் தேடி வாங்கிப் பொருத்த வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். மீட்டர் 180 ரூபாய் வீதம் 75 மீட்டர் கேபிள் 13,500. குழாய்க்கும் வளைவுகளுக்கும் 1,600. முனைகள், சுருங்கு குழாய் 300. மண் வெட்டிய கூலி 2,000. நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாக இழுத்தோம்.

இப்போது ஓடும்போது 7.1 ஆம்பியர், கம்பியில் இழப்பு 4.9 வோல்ட், கிணற்றடியில் 216. கிளம்பும்போது உச்சம் 32 ஆம்பியர், அழுத்தம் 190-க்குக் கீழே போவதில்லை. முழுக் கேபிளும் இழக்கும் திறன் 35 வாட். முன்பு அந்த ஒரு சாண் ஒட்டு மட்டும் தின்ற அளவு அது. பழைய இழப்பு 144 வாட் என்பதால் மிச்சம் 109 வாட். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 40 யூனிட், யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று கொண்டாலும் 240 ரூபாய். கட்டணச் சேமிப்புக்காக யாரும் கேபிளை மாற்ற வேண்டியதில்லை. ஒருமுறை காயில் கட்டும் செலவையும், கோடையில் வாழை காய்ந்து நிற்கும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் செலவு நியாயமாகும்.

மறுபடி செய்வதாக இருந்தால், கெப்பாசிட்டரைத் தொடும் முன்பே கிளாம்ப் மீட்டரை வாங்குவேன். கெப்பாசிட்டருக்கும் முதல் காயிலுக்கும் போன பணத்தில் அது வந்திருக்கும். குழாயை மேட்டிலிருந்து கிணறு வரை ஒரே சரிவாகப் போட்டு, கீழ்முனையில் நீர் வடிய ஒரு துளை விடுவேன். இப்போது அயினி வேரைச் சுற்றி வளைத்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, மழைக்குப் பின் அங்கே நீர் தேங்கும். மோட்டார் அறைப் பெட்டியின் உள்மூடியில் இன்றைய எண்களை அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன்: ஓடும்போது பலகையில் 221, இங்கே 216, ஓட்டம் 7.1. ஐப்பசி மழை முடிந்ததும் அதே மூன்றையும் மறுபடி அளந்து, வித்தியாசம் 5 வோல்ட்டைத் தாண்டியிருந்தால் முதலில் இரு முனைத் திருகாணிகளையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய 1.5 கேபிளில் நல்ல பகுதி ஏறத்தாழ 40 மீட்டர் தேறியது. மாட்டுத் தொழுவத்து விளக்குக்கு அது தாராளம்.